உதவியவர்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரை விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில் எழுதப்படாத நூல்கள் பல உண்டு. எந்தத் திசையில் மின்னினால் விதைப்புக்குக் கலப்பையைப் பூட்டலாம், பிள்ளைக்கு மாந்தம் கண்டால் எந்தப் பச்சிலையைத் தேடலாம், நடுகைக்கும் களையெடுப்புக்கும் எந்தப் பாட்டு என்பனவெல்லாம் முதியோர் நாவிலேயே வாழ்கின்றன. இவற்றைத் தேடி ஆய்வு மாணவர்கள் கைப்பேசியுடன் வருகின்றனர். பாட்டி பாடுகிறார், கருவி பதிந்துகொள்கிறது. சில ஆண்டுகளில் ஆய்வேடு முடிந்து, மாணவர் முனைவராகிறார். பாட்டிக்கு என்ன கிடைத்தது? இதனைக் கேட்பார் எவருமில்லை.

ஆய்வு அறத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிமுறைகளை வகுத்தது. ஆய்வேட்டைக் கணிப்பொறியிடம் தந்தால், முன்பே வெளிவந்த எழுத்துடன் எத்தனை விழுக்காடு ஒத்திருக்கிறது என்று அது கூறிவிடும். 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். அடுத்த ஆண்டு, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வோர் அனைவரும் ஆய்வு நெறி பற்றிய 30 மணி நேரப் பாடம் ஒன்றைப் பயில வேண்டும் என்றும் அக்குழு முடிவு செய்தது. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பயிலும் கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொதுவே.

அந்தப் பாடத்திட்டத்தைப் புரட்டினோம். மெய்யியலுக்கும் அறத்துக்கும் 3 மணி நேரம். தரவுத்தளங்களையும் ஆய்வு அளவீடுகளையும் அறிந்துகொள்ள 7 மணி நேரம். இந்தப் பங்கீட்டைக் கண்டு முதலில் நமக்குச் சிரிப்பே வந்தது. ஆறு அலகுகளின் தலைப்புகளுள் ஒன்றேனும் தகவல் தந்தவரைப் பற்றியதாக இல்லை என்பதைக் கண்டபோது அந்தச் சிரிப்பு நீங்கியது.

அச்சில் உள்ளதை எடுத்தவனைக் கணிப்பொறி காட்டிக்கொடுக்கும். வாயிலிருந்து எடுத்தவனை எது காட்டிக்கொடுக்கும்? எழுதத் தெரிந்தவரின் உடைமைக்குக் காவலர் இருக்கிறார். எழுதத் தெரியாதவரின் உடைமைக்கோ எடுத்தவனின் மனச்சாட்சியே காவல். அமானிதம் என்று நாம் சொல்வது பூட்டில்லாப் பொருளைத்தானே!

ஒப்புதல் படிவம் இருக்கிறதே என்று சிலர் கூறலாம். மருத்துவ ஆய்வுகளுக்கு அப்படிவம் நெடுங்காலமாக உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவராயின் நடுநிலையான சாட்சி ஒருவரும் உடனிருக்க வேண்டும். ஆயினும் 2009இல், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வொன்றில் என்ன நடந்தது? பழங்குடிச் சிறுமியர் பலருக்கு அவர்தம் பெற்றோர் இடவேண்டிய கையொப்பத்தை விடுதிக் காப்பாளர்களே இட்டிருந்தனர். 2010இல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதனைக் கடுமையாகச் சாடியது. படிவத்தில் கையொப்பம் இருந்தது, ஒப்புதல்தான் இல்லை.

இவ்விதிகளெல்லாம் பிறப்பதற்கு முன்பே, நம் வட்டாரத்தில் இக்கடனை அறிந்தோர் இருந்தனர். பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட தமிழர் நாட்டுப் பாடல்கள் என்னும் தொகுப்பைக் கையிலெடுங்கள். பல பாடல்களின் அடியில் சிறிய எழுத்தில் சில வரிகள் காணப்படும்: உதவியவர் இன்னார், சேகரித்தவர் இன்னார், இடம் இன்னது. விளாத்திகுளம் பகுதியில் எஸ்.எஸ். போத்தையா ஊர் ஊராய்த் திரட்டிய பாடல்களும் அவற்றுள் உண்டு. பாடிய பெண்மணியின் பெயர் முதலில் நிற்கிறது. திரட்டியவர் அவருக்குப் பின்னரே வருகிறார். எந்தக் கணிப்பொறியும் இவ்வரிசையை அவர்களுக்குக் கற்பித்ததில்லை.

நபிமொழிக் கலையை அறிந்த குடும்பங்களுக்கு இம்முறை புதிதன்று. செய்தி ஒரு பாதி. அதனை இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்னும் இஸ்னாத் மறுபாதி. அங்கே பெயர் கேட்கப்படுவது செய்தியின் மெய்ம்மையை நிறுவுதற்கு. இங்கே கடனை ஒப்புதற்கு. நோக்கம் வேறாயினும், இடையில் ஒருவரை விழுங்கிவிட்டுப் பேசலாகாது என்பது இரண்டுக்கும் பொது.

எனினும் பெயரை எழுதிவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலில் கூலிக்குப் பணிபுரியும் ஒரு பெண், மருந்து நெடியைப் பற்றியோ கூலிக் குறைவைப் பற்றியோ ஆய்வாளரிடம் மனந்திறக்கிறார் எனக் கொள்வோம். அவர் பெயரை அச்சிட்டால் மறுவாரம் அவருக்கு வேலை இராது. தாலாட்டுப் பாடியவரின் பெயரை மறைத்தல் களவு. இவர் பெயரை வெளியிடுதல் துரோகம். இரண்டையும் ஒரே விதியில் அடக்க முயல்வோர் இருவருள் ஒருவருக்கேனும் அநீதி இழைப்பர். "அம்மா, உங்கள் பெயரைப் போடட்டுமா, வேண்டாமா? போட்டால் இன்னின்னது நேரலாம்" என்று அவர் காலடியில் அமர்ந்து கேட்பதற்கு 30 மணி நேரப் பயிற்சி வேண்டுவதில்லை. கேட்டபின் அவர் வேண்டாம் என்று கூறினால் எழுந்து வருவதற்குத்தான் பயிற்சி வேண்டும். பட்டத்துக்குக் காலம் நெருங்கும்போது அது எளிதன்று.

இவ்வளவும் பேசும் நாம் குற்றமற்றவர் அல்லோம். பல ஆண்டுகளுக்கு முன், இக்கரிசல் பகுதியின் ராவுத்தர் வீடுகளில் நன்னிமார் பாடிய தாலாட்டுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். அவற்றுள் இரண்டை ஒரு கட்டுரையிலும் எடுத்தாண்டோம், பாராட்டும் பெற்றோம். அண்மையில் அவ்வேட்டைத் தேடியெடுத்து, வானமாமலையின் தொகுப்பில் உள்ளவாறு ஒவ்வொரு பாடலின் அடியிலும் அவ்வரிகளை எழுத முற்பட்டோம். சேகரித்தவர் பெயரை எழுத நேரமாகவில்லை. ஊரும் நினைவில் இருந்தது. உதவியவர் என்னும் இடத்தில் பேனா நின்றது. திண்ணையில் அமர்ந்து தொட்டிலை ஆட்டியவாறே பாடிய அந்த நன்னியின் முகம் தெரிகிறது. வெற்றிலை மணமும் நினைவில் உள்ளது. பெயரை நாம் கேட்டதாகவே நினைவில்லை. அவ்வீட்டைத் தேடிச் சென்றோம். பேரப்பிள்ளைகள் வேறூருக்குக் குடிபெயர்ந்திருந்தனர். அந்த வரி இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது.