முத்தா, மாணிக்கமா?

எங்கள் ஊர்த் திருவிழாவில் பட்டிமன்றம். பெற்றோரைக் கடைசிவரை காப்பது மகனா, மகளா என்பது தலைப்பு. மகள் அணியில் பேசியவர், தான் பட்டினி கிடந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தாயைப் பற்றிக் குரல் தழுதழுக்கச் சொன்னார். பக்கத்தில் பாயில் இருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது: மகன் அணியும் இதே கதையைச் சொல்லியிருக்கலாமே!

அன்றிரவு சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்தேன். கணவன் கோவலனைக் கள்வன் என்று கொன்றதற்கு நீதி கேட்டுப் பாண்டியன் வாயிலில் நிற்கிறாள் கண்ணகி: விரித்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணீர். அந்தக் கோலம்தான் வாயிற்காவலனைப் பதறி உள்ளே ஓடவைத்தது. ஆனால் வழக்கு அதனால் முடியவில்லை. கள்வனைக் கொல்வது அரச நீதி என்றான் பாண்டியன். என் சிலம்பின் உள்ளிருக்கும் பரல் மாணிக்கம் என்றாள் கண்ணகி. எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் அவன். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பு வந்தது. உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது.

என் மனம் நிற்பது உடைப்பதற்கு முந்தைய கணத்தில். கோவலன்தான் கள்வன் என்ற பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பிப் பெரும்பிழை செய்தவன்தான் பாண்டியன். ஆனாலும் ‘முத்து’ என்றபோது, தான் எங்கே தோற்பான் என்பதையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டான். மாணிக்கத்தைக் கண்டபின் மறுபேச்சில்லை. தானே கள்வன் என்று ஏற்று உயிர்விட்டான்.

மணிமேகலை காப்பியத்தில் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பித்த அளவை என்னும் தருக்கமுறையும் இப்படிச் சோதிக்கத்தக்க சான்றையே கேட்கிறது. மலையில் நெருப்பு என்கிறாயா? புகையைக் காட்டு. புகையுள்ள இடத்தில் நெருப்பிருக்கும் என்பதற்கு அடுக்களையைக் காட்டு. காட்ட முடியாதபோது வாதம் விழுந்துவிடும்.

கண்ணீர் பொய்யல்ல. வலி இருக்கிறது என்று அது சொல்லும். குற்றம் யாருடையது என்று சொல்லாது. அதைச் சொல்லப் பரல் வேண்டும். வெறும் உணர்ச்சிப் பேச்சு தோற்பதேயில்லை. உடைத்துப் பார்க்க அதற்குள் எதுவும் இல்லை. தோற்கவே முடியாத பேச்சு வென்றதாகவும் ஆகாது.

வாதாட எழும் ஒவ்வொரு முறையும் இனி என்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: எதைக் கண்டால் என் பக்கம் தவறென்று ஒப்புவேன்? அதை முதலில் சொல்லிவிட்டுச் சிலம்பை நடுவில் வைப்பவருக்கே உண்மையின் மேல் அக்கறை இருக்கிறது.