மூன்று மாத்திரை

வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு வருடம் சித்தப்பாவின் மெடிக்கலில் நின்றேன். அவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். நான் பி.காம். அவர் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் கவுண்டர் என் பொறுப்பு. அதுவே சட்டப்படி தப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம் சித்தாள் வேலை முடித்து, கையில் சிமென்ட் தூசியோடு ஒரு அக்கா வந்தார். காலி அட்டை ஒன்றைக் காட்டி, "இதே மாத்திரையில மூணு மட்டும் குடு தம்பி. காய்ச்சலும் தொண்டை வலியுமா இருக்கு" என்றார். அது செஃபிக்ஸிம்.

"டாக்டர் சீட்டு இருக்காக்கா?"

"அங்க போனா பீஸு, ஊசின்னு ஒருநாள் கூலி போயிரும். ஜி.எச்.சுக்குப் போனா அந்த நாளே போயிரும். நீ குடுக்கலேன்னா அடுத்த கடையில வாங்கிக்கிறேன்."

அட்டையை வெட்டி மூன்று மாத்திரை கொடுத்தேன். மருந்தின் பெயர் இருந்த பாதி என்னிடமே தங்கிவிட்டது.

பிற்பாடுதான் விதிகளைப் படித்தேன். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1945இல் வந்த மருந்து விதிகள் மருந்துகளை அட்டவணைகளாகப் பிரிக்கின்றன. அட்டவணை எச் என்றால் மருத்துவர் சீட்டு வேண்டும். அட்டவணை எக்ஸ் என்றால் சீட்டின் நகல் ஒன்றைக் கடையிலேயே வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது எச்1. அதில் உள்ள மருந்தை விற்றால் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். காசநோய் மருந்துகள், சில தூக்க மாத்திரைகள் எல்லாம் அதில் உண்டு. செஃபிக்ஸிமும் உண்டு. நான் எதையும் எழுதவில்லை.

அதே 1945இல், நோபல் உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் தானாகவே பெனிசிலின் வாங்கிக் குறைவாகப் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது, பெனிசிலின் கேட்கவில்லை, அவர் இறந்துபோகிறார். குற்றவாளி கணவர்தான் என்கிறார் ஃபிளெமிங்.

அந்தக் கதையில் கடைக்காரர் இல்லை, கூலியும் இல்லை. அந்த அக்காவைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக நான் செய்தது கருணை என்றும் சொல்ல முடியவில்லை. தொண்டை வலியோடு வரும் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு இந்த மாத்திரையால் பயனே இல்லை. பாக்டீரியாவாகவே இருந்தாலும் மூன்று மாத்திரை எந்தக் கணக்கு? அவருக்கு எது என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, பார்க்கத் தெரியாது.

மருந்துச் சீட்டை ரொம்ப நாள் ஒரு அனுமதிச் சீட்டாகத்தான் நினைத்திருந்தேன். படித்த ஒருவர் நம் தொண்டையைப் பார்த்தார் என்பதற்கான சாட்சி அது என்று இப்போது தோன்றுகிறது. சட்டம் காக்க நினைப்பது அந்தப் பார்வையை. ஆனால் அந்தப் பார்வைக்கு ஒருநாள் கூலி விலை என்றால், 'சீட்டு இல்லாமல் தராதே' என்ற விதியின் பாரம் முழுக்க அந்த அக்காவின் தலையில்தான் விழும். கிருமிக்கோ இந்த நியாயமெல்லாம் கிடையாது. அவர் உடம்பில் மருந்துக்குப் பழகினால், நாளை அது யாரோ ஒரு குழந்தையிடம் போகும்.

இன்று நின்றால் தர மாட்டேன். ஆனால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தால் என் கை மட்டும்தான் சுத்தமாகும். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு, என்ன ஆனால் காத்திருக்கக் கூடாது என்பதையாவது சொல்லி அனுப்பும் கடமை மறுக்கிறவருக்கு உண்டு. கூலி போகாமல் வைத்தியம் பார்க்க வழி செய்வது அரசின் கடமை. அது நடக்காதவரை என் மறுப்பு பாதி நியாயம்தான்.

அன்று பதிவேட்டைத் திறந்திருந்தாலும் மருத்துவர் பெயர் எழுதும் கட்டம் காலியாகத்தான் இருந்திருக்கும். நோயாளியின் பெயரையும் நான் கேட்டிருக்கவில்லை.