அம்பு பட்ட சாட்சி

2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது, ஊருக்குப் போக முடிந்தவர்கள் போக, மற்றவர்கள் சென்னைத் திருவல்லிக்கேணியின் மேன்ஷன் அறைகளில் தங்கிப்போனார்கள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கையில் ஒரு செல்போன். தனிமைப்படுத்தப்பட்டோரின் வாசலில் மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது.

சினிமாக்காரர்களும் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். ஏப்ரலில் வந்த 'ஃபேமிலி' குறும்படத்தில் ரஜினிகாந்த், அமிதாப் பச்சன், மம்மூட்டி எல்லோரும் அவரவர் வீட்டிலேயே நடித்தார்கள். படத்தொகுப்பு அத்தனை வீடுகளையும் ஒரே வீடாக்கிக் காட்டியது. மே மாதம் கௌதம் வாசுதேவ் மேனனின் 'கார்த்திக் டயல் செய்த எண்' வந்தது. எழுத்து ஓடாமல் திணறும் ஓர் இயக்குநர் பழைய காதலிக்குப் போன் செய்கிறான்; கதை அவ்வளவுதான். சிலம்பரசனும் த்ரிஷாவும் ஐபோனில் படமானார்கள்.

தனியறையில் எடுக்கப்படும் உளவியல் குறும்படம் 'ஃபேமிலி'க்கு நேர்மாறானது. அங்கே ஒரே ஆள் பலராகிறான். புத்தக அடுக்கின் மேல் போனைச் சாய்த்து, பட்டனைத் தட்டிவிட்டு, ஓடிப்போய் ஃபிரேமுக்குள் நிற்கிறான். நடிப்பவனும் அவனே, பார்ப்பவனும் அவனே. இந்த வகைக்கு மூத்த படம் மாயா டெரன் 1943-இல் லாஸ் ஏஞ்சலஸில் தம் வீட்டிலேயே, கணவர் அலெக்சாண்டர் ஹாமிட்டுடன் சேர்ந்து எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்'. பதினான்கு நிமிடப் படம். உறங்கும் பெண்ணிலிருந்து அவளைப் போலவே இன்னும் சிலர் தோன்றுகிறார்கள். மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். சாவி கத்தியாகிறது. கடைசியில் ஒருத்தி கத்தியோடு, உறங்குகிறவளை நோக்கியே நடக்கிறாள்.

தன்னைத் தானே பார்ப்பது விடுதலையா, இன்னொரு சிறையா?

ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று கனி தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்திருக்கிறது என்கிறது முண்டக உபநிடதம். பார்த்திருக்கும் அந்தப் பறவையை அத்வைத மரபு சாட்சி என்றது; எதுவும் தீண்டாத அறிவாகக் கொண்டது. கேமராவும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது சாட்சியே அல்ல. 'இன்னொரு டேக்' கேட்கிறது; அழுதது போதாது என்கிறது. நோய்ப் பயத்தில் தனியே கிடக்கும் ஒருவன் அந்தப் பயத்தைப் படம்பிடித்துப் போட்டுப் பார்க்கும்போது, இன்னும் நன்றாகப் பயப்படு என்று தனக்கே கட்டளையிடுகிறான். டெரன் காட்டிய கத்தி இதுதான். பார்க்கிறவள் தாக்குகிறவளாக மாற வெகுநேரம் ஆகவில்லை.

விடுதலையா, சிறையா என்ற கேள்விக்குத் திருவல்லிக்கேணியிடமே ஒரு பதில் உண்டு. பார்த்தசாரதி கோயில் உற்சவர் திருமுகத்தில் தழும்புகள் இருக்கின்றன; பீஷ்மரின் அம்புகள் பட்டவை என்பது மரபு. ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லி அர்ஜுனனுக்குத் தேரோட்ட வந்த கண்ணன் என்பதால் இங்கே மூலவர் கையில் சங்கு மட்டும்தான், சக்கரம் கிடையாது. போரை அவனைவிட நெருங்கி நின்று பார்த்தவர் யார்? பார்த்தவன்மீதும் அம்பு பட்டது. அதைவிட முக்கியம், தேரில் தளர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனோடு அவன் பேசினான்.

பெற்றோர் இந்தப் பெருமாளை வேண்டிப் பிறந்தவராகச் சொல்லப்படும் இராமானுசரும், அறிபவன் என்று ஒருவன் இல்லாத வெறும் அறிவைச் சாட்சி என ஏற்கவில்லை. உயிரின் துன்பம் இறைவனைக் களங்கப்படுத்தாது என்பது அவருக்கும் உடன்பாடே. ஆயினும் அவருடைய அந்தர்யாமி உயிருக்குள் உயிராய் நின்று நடத்துபவன். கைகட்டி வேடிக்கை பார்ப்பவன் அல்லன்.

ஊரடங்கின் அந்த மாதங்களில் பார்த்தசாரதி கோயிலில் பூஜை நடந்தது. பக்தர்களுக்கு அனுமதி இல்லை. செப்டம்பர் 1-இல்தான் தமிழகத்தின் பெரிய கோயில்கள் அவர்களுக்கு மறுபடி திறந்தன.

தனியறைப் படங்களில் வழக்கமாக வெட்டியெறியப்படும் ஒரு துண்டு உண்டு: நடித்து முடித்தவன் போனை நிறுத்த எழுந்து வரும் சில விநாடிகள். அந்த முகத்தில் வேஷம் இல்லை, களைப்பு இருக்கிறது. தன்மேல் தானே காட்டும் அக்கறையும் சில நேரம் தெரியும். படத்தொகுப்பில் உட்காருகிறவர் முதலில் அந்தத் துண்டைப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் அலறும் காட்சியை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.