பத்தாம் வகுப்புக்குப் பின்: பிள்ளையின் பாதையும் பெற்றோரின் அமானத்தும்

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் இனிய நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் வீடுகள் பரபரப்பாகி விடுகின்றன. நல்ல மதிப்பெண் வந்த வீட்டில் ஷுக்ரு செய்து இனிப்பு வழங்குகின்றோம். குறைந்த வீட்டில் பிள்ளையை ஏசுகின்றோம். இரண்டும் ஓய்ந்த மறுவாரமே ஒரு கேள்வி வாசலில் வந்து நிற்கின்றது: பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப்?

இதற்கு நாம் எப்படி விடை காண்கின்றோம்? பக்கத்து வீட்டுப் பையன் எடுத்ததை நம் பையனும் எடுக்கின்றான். கூடப் படித்த தோழி சேர்ந்த பிரிவில் நம் மகளும் சேருகின்றாள். கல்யாணப் புடவைக்கு நான்கு கடை ஏறி இறங்கும் நாம், ஒரு வாழ்நாளின் தொழிலைத் தீர்மானிக்கும் இக்காரியத்திற்கு நான்கு பேரிடம் விசாரிப்பதில்லை. கேட்டால், "எல்லாம் நஸீபு" என்று சொல்லி விடுகின்றோம்.

நஸீபு உண்மைதான். ரிஜ்கு அளிப்பவன் அல்லாஹ் என்பது நம் ஈமான். ஆனால், ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவருக்கு, அதைக் கட்டிப் போட்டு விட்டுத் தவக்குல் வைக்கும்படியல்லவா பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள்? கட்டாமல் விட்டவன் தவக்குலின் பெயரால் தன் சோம்பலை மறைக்கின்றான்.

நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். மிஸ்ரு மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்னவர்கள், விளக்கத்தோடு நின்று விடவில்லை. ஏழாண்டு தொடர்ந்து பயிரிடுங்கள், உண்பதற்குச் சிறிது போக மற்றதைக் கதிரோடு விட்டு வையுங்கள், பின்வரும் கொடிய ஏழாண்டுக்கு அது உதவும் என்று திட்டமும் வகுத்துத் தந்தார்கள். பஞ்சத்திற்குப் பின் மழை பொழியும் ஆண்டு வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மழைதான் வருமே என்று சும்மா இருக்கச் சொல்லவில்லை. வருங்காலத்தின் செய்தி அல்லாஹ்விடமிருந்தே கிடைத்த நபியே இப்படித் திட்டமிட்டார்களென்றால், நாளை நடப்பது ஒன்றும் அறியாத நாம் எவ்வளவு திட்டமிட வேண்டும்!

விழுப்புரம் ஜங்ஷனை நாம் அறிவோம். சென்னையிலிருந்து வரும் தண்டவாளம் அங்கே பிரிந்து, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கும், கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும், இன்னொரு பக்கம் புதுச்சேரிக்கும் போகின்றது. எந்த வண்டியில் இடம் காலியாக இருக்கின்றது என்று பார்த்தா நாம் ஏறுகின்றோம்? போக வேண்டிய ஊரை அறிந்த பின்னரே ஏறுகின்றோம். பதினோராம் வகுப்பும் அப்படிப்பட்ட ஜங்ஷன்தான்.

முற்காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் கல்லூரியில் பி.யூ.சி. சேரும்போது பிரிவைத் தேர்ந்தார்கள். 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது முதல் அந்தத் தேர்வு பள்ளிக்கூடத்திற்கே வந்து விட்டது. பதினைந்து வயதுப் பிள்ளை எடுக்கும் முடிவு, பதினேழு வயதில் எந்தக் கல்லூரியின் கதவு திறக்கும், எது மூடும் என்பதை முன்கூட்டியே தீர்த்து விடுகின்றது.

கதவுகள் எவை என்று சுருக்கமாகப் பார்ப்போம். மருத்துவம் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். நீட் தேர்வும் எழுத வேண்டும். அதன் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கே உரியது. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடுகின்றார்கள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் இரு கதவும் திறந்திருக்கும்; ஆனால் சுமை அதிகம், தாங்கும் பிள்ளைக்கே அது பொருந்தும். வணிகவியலும் கணக்குப் பதிவியலும் படித்தவருக்கு பி.காம்., ஆடிட்டர் படிப்பு முதலியவை இயல்பான பாதை. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவும் தடையில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகாமலே பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்து, பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரவும் வழியுண்டு.

விதிகள் மாறுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். தொழிற்படிப்புகளுக்கு 1984-ல் வந்த மாநில நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து நீங்கியது. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் வந்தது. மூத்த மகன் சேர்ந்தபோது இருந்த விதி இளைய மகளுக்கும் இருக்கும் என்று எண்ணாமல், அவ்வப்போது விசாரித்து அறிய வேண்டும்.

நம் வீடுகளில் பலர் அறியாத இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கும் அது விரிந்தது. பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, கௌரவத்திற்காகக் கடன் வாங்கிப் பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாற்றும் தகப்பனார், அந்த உரிமையைத் தம் கையாலேயே இழக்கின்றார். மாற்றக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. இழப்பது இன்னதென்று அறிந்து முடிவு செய்யுங்கள் என்கின்றோம்.

இரண்டு: பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-ல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், ஸையித் முதலியோர் அப்பட்டியலில் உள்ளனர். அதற்குரிய சாதிச் சான்றிதழை விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்திற்கு ஓடி வாங்க முயல்வதைவிட, பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைப்பது ஒட்டகத்தைக் கட்டுவதாகும்.

அறியாமையால் வரும் நஷ்டத்திற்கு நம் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வாழ்வே படிப்பினை. திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்த அவர்கள், மேற்படிப்பில் வேறு வழியுண்டு என்று சொல்வாரில்லாமல் பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்தார்கள். பட்டம் பெறும் வேளையிலேதான், தமக்குரியது பொறியியல், இன்டர்மீடியட் முடித்ததுமே அதில் சேர்ந்திருக்கலாம் என்று உணர்ந்தார்கள். பின்னர் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் கட்டணத்திற்குப் பணமில்லை. அவர்தம் சகோதரி ஜொஹரா அம்மையார் தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார்கள். அத்தகைய மேதைக்கே ஆண்டுகள் வீணாகுமானால், நம் சாதாரணப் பிள்ளைகளின் கதி என்ன?

பெண்மக்கள் விஷயத்தில் நம் அலட்சியம் இன்னும் பெரிது. "எப்படியும் கல்யாணம் செய்து கொடுக்கப் போகின்றோம், எந்தக் குரூப்பானால் என்ன?" என்கின்றோம். அவள் நர்ஸாகவோ டாக்டராகவோ வர ஆசைப்பட்டிருப்பாள். உயிரியல் இல்லாத பிரிவில் சேர்த்து விட்டு, இரண்டாண்டு கழித்து அவள் கண்ணீர் வடிக்கும்போது நம்மிடம் என்ன பதில் இருக்கின்றது? நம் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கும் சமுதாயம், அந்த டாக்டரைப் பிறர் வீட்டிலிருந்து மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகுமா? தொலைவும் இன்று சாக்காகாது. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. விழுப்புரத்தில் 2017-ல் அரசு சட்டக் கல்லூரி வந்தது. இரு ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன.

ஆனால், எல்லாப் பிள்ளையையும் டாக்டர், இன்ஜினீயர் என்று விரட்டுவதும் அநீதியே. நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களின் திறமை அறிந்து பணி தந்தார்கள். கூர்மையான நினைவாற்றல் படைத்த இளைஞர் ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கப் பணித்தார்கள். அவர்களும் அரை மாதத்தில் கற்றார்கள். பிற்காலத்தில் குர்ஆனை ஒன்று திரட்டும் பெரும் பணி அவர்களிடமே வந்தது. போர்க்களத்திற்குக் காலித் (ரலி), பாங்கிற்கு பிலால் (ரலி)! கணக்கைக் கண்டாலே நடுங்கும் பிள்ளையைக் கணிதப் பிரிவில் திணிப்பது, அவன் மீது நாம் செய்யும் ளுல்மு.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அதன் மனதைக் கேளுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் அதன் திறமையைக் கேளுங்கள். அப்படிப்பைப் படித்தவரிடம் செலவையும் உழைப்பையும் கேளுங்கள். இதுவே மஷ்வரா. பிறகு பெற்றோரும் பிள்ளையும் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். குர்ஆனின் சூராவைக் கற்பிப்பது போல் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கற்பித்த துஆ அது. அதன் பின் மனம் துணிந்து தவக்குல் வையுங்கள்.

தவறான பிரிவில் ஏற்கெனவே சேர்ந்து விட்டவர்கள் நிராசையாக வேண்டாம். பள்ளி திறந்த தொடக்க நாட்களிலேயே தலைமையாசிரியரைப் பார்த்து மாற்றக் கேளுங்கள். காலம் கடந்திருந்தால், இருக்கும் பிரிவிலேயே திறக்கும் கதவுகளைத் தேடுங்கள். அல்லாஹ்வின் ரஹ்மத்து ஒரே வாசலில் அடங்கியதன்று.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. தேர்வு முடிவு வரும் வாரம் ஜும்ஆவுக்குப் பின், மஹல்லாவின் ஆசிரியர் ஒருவரையும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருவரையும் பள்ளிவாசலில் உட்கார வைத்தால், விவரம் அறியாத ஏழைத் தாய் யாரிடம் கேட்பது என்று தவிக்க மாட்டாள். இதற்குப் பெரிய செலவில்லை. அக்கறை ஒன்றே போதும்.

நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர். நம் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவோம் என்பது ஹதீஸின் கருத்து. பிள்ளைக்கு உணவும் உடையும் தந்தது போல், பாதையைக் காட்டினாயா என்ற கேள்வியும் அதில் அடங்கும்.

வல்ல நாயன் நம் மக்களுக்குப் பயன் தரும் கல்வியையும், நமக்கு அமானத்தை நிறைவேற்றும் விழிப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.