பாட்டுக்குச் சாட்சி வேண்டும்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் வடபகுதியிலும் அதை ஒட்டிய சிறு தீவுகளிலும் வாழ்பவர்கள் க்வாக்வக்கவாக்வ மக்கள். அவர்களுடைய பெரிய வீட்டில், நடுவே நெருப்பு எரிய, பாடகர்கள் ஒரு நீண்ட மரக்கட்டையின் முன் வரிசையாக உட்கார்ந்து, கோல்களால் அதைத் தட்டியபடி பாடுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒருவர் அதன் சொற்களை உரக்கச் சொல்வார். மற்றவர்கள் அதைப் பற்றிக்கொண்டு பாடுவார்கள். நம் மொழியில் இதை அடியெடுத்துக் கொடுப்பது என்போம்.

அந்தப் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடிவிட முடியாது. ஒவ்வொரு பாட்டும் ஒரு குடும்பத்தின் சொத்து. முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், என்ன பெயர் பெற்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தந்தை, பாட்டையும் ஆட்டத்தையும் சீதனமாக மருமகனுக்குத் தருவதுண்டு. இந்த உரிமைக்குப் பத்திரமில்லை. ஊரைக் கூட்டி, பாடி, ஆடி, வந்தவர்களுக்குப் பொருள் கொடுக்க வேண்டும். அந்தக் கொடையை வாங்கிக்கொண்டவர் சாட்சியாகிறார். பாட்லாட்ச் என்ற அந்த விழாதான் அவர்களுடைய பதிவு அலுவலகம்.

அதைத்தான் கனடா அரசு குற்றமாக்கியது. 1884இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் 1885இல் நடைமுறைக்கு வந்தது. சேர்த்த பொருளை அள்ளிக் கொடுப்பது வீண் செலவு, நாகரிகத்துக்குத் தடை என்று பாதிரிமாரும் அதிகாரிகளும் கருதினார்கள். 1913 முதல் 1932 வரை பழங்குடியினர் துறையின் தலைமை அதிகாரியாக இருந்த டங்கன் கேம்பல் ஸ்காட், கனடாவின் பேர்பெற்ற கவிஞர். சொல்லின் அருமை தெரிந்தவர். தடையைக் கடுமையாக்கியதும் அவர் காலத்தில்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

1921 டிசம்பரில், அதிகாரிகளின் கண்ணுக்கு எட்டாத வில்லேஜ் ஐலண்டில், டான் கிரேன்மர் என்ற தலைவர் பெரிய பாட்லாட்ச் ஒன்றை நடத்தினார். செய்தி கசிந்தது. 45 பேர்மீது வழக்கு. ஆடியது, பேசியது, பரிசுப் பொருளைத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் குற்றமாயின. முகமூடிகளையும் விழாப் பொருள்களையும் ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றார்கள். ஒப்படைக்காதவர்கள் ஓகல்லா சிறைக்குப் போனார்கள். பறித்த பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கும் தனியாரிடமும் போய்ச் சேர்ந்தன.

பாட்டைப் பறிமுதல் செய்ய முடியாது. ஆனால் அதைக் கேட்பவரை இல்லாமல் ஆக்கலாம். பழங்குடிப் பிள்ளைகளைச் சேர்த்த உறைவிடப் பள்ளிகளில் அவர்கள் தாய்மொழி பேசினால் தண்டனை. ஒரு பக்கம் சாட்சிகள் கூடக் கூடாது. மறுபக்கம் நாளைய சாட்சிகளுக்கு மொழியே தெரியக் கூடாது.

1951இல் தடை சட்டத்திலிருந்து நீங்கியது. சிற்பியும் பாடகருமான மங்கோ மார்ட்டின் 1953இல் விக்டோரியா நகரில் வெளிப்படையாக பாட்லாட்ச் நடத்தினார். ஐடா ஹால்பெர்ன் என்ற இசை ஆய்வாளரிடம் தம் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தும் வைத்தார். 1980இல் அலர்ட் பே ஊரில் உமிஸ்டா பண்பாட்டு மையம் திறந்தது. சிறைபிடிக்கப்பட்டவர் வீடு திரும்புவதை அவர்கள் மொழியில் உமிஸ்டா என்பார்கள். திரும்பி வந்த முகமூடிகள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை, திறந்தபடியே நிற்கின்றன. பூட்டப்பட்டுக் கிடந்தது போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

பதிவுகள் இருக்கின்றனவே, பாட்டு பிழைத்துவிட்டது என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். என்னால் அப்படி எண்ண முடியவில்லை. ஒலிநாடா பாடும், ஆனால் பாடும் உரிமையை யாருக்கும் வழங்காது, சாட்சியாக நிற்காது. அதற்குக் கொடுக்கும் வீடும், வாங்கி நினைவில் வைத்திருக்கும் ஊரும் வேண்டும். அவர்களுடைய க்வாக்வாலா மொழியைச் சரளமாகப் பேசும் முதியவர்கள் இன்று மிகக் குறைவு. அலர்ட் பேயில் பிள்ளைகளுக்கு அந்த மொழியையும் பாட்டையும் சேர்த்தே கற்றுத் தருகிறார்கள். அடியெடுத்துக் கொடுப்பவர் குரல் எழுப்பும்போது, அந்தச் சொல்லின் பொருள் தெரிந்து பற்றிக்கொள்ள வரிசையில் ஆள் இருக்க வேண்டும்.