ஜும்ஆ உரை: மருந்தும் ஓர் அமானிதமே



போடியிலிருந்து விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் புறப்படுகிறது. நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருமல் குறைந்ததும் இரண்டாம் மாதமே மாத்திரையை விட்டுவிட்டார். "இது என் சொந்த விஷயம், யாருக்கு என்ன?" என்று அவர் கேட்க முடியுமா?

முடியாது. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. ஆறு மாத மருந்தைப் பாதியில் நிறுத்தினால், மிஞ்சிய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறக்கூடும். பக்கத்தில் இருப்பவரையும் அவை தொற்றும். பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த நெறி.

"எல்லாம் தக்தீர்" என்பவர்களும் உண்டு. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் பாதி வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாகச் சொன்னார்கள். நோய் விதியென்றால் மருந்தும் விதிதான்.

சரி, நோயாளி ஏன் மறைக்கிறார்? தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிடுவோம், மகளுக்கு வந்த வரன் தட்டிப்போகும் என்ற பயம்தானே! சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்ததைக் காட்டியது. அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. அப்படியிருக்க, ஒதுக்கி வைத்து அவரை மறைக்க வைத்தால், நோய் பரவுவதில் நமக்கும் பங்குண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதியுங்கள், மருந்து இலவசம். நோயாளியிடம் நலம் விசாரியுங்கள். கடைசி மாத்திரை வரை துணை நில்லுங்கள்.

அல்லாஹ் நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், நமக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.