முதுசமும் கடனும்

ஈரானை ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆண்ட கஜார் வம்சத்தை நிறுவியவருக்குச் சந்ததி இல்லை. ஆகா முஹம்மத் கான் சிறுவனாக இருந்தபோது, நாதிர் ஷாவின் சகோதரர் மகனான ஆதில் ஷாவின் கட்டளைப்படி ஆண்மையிழக்கச் செய்யப்பட்டார். பின்னர் ஷிராஸில் கரீம் கான் ஸந்தின் அரசவையில் பிணையாளியாக நீண்ட காலம் இருந்தார். 1779 இல் கரீம் கான் இறந்ததும் அங்கிருந்து தப்பி, சிதறிக் கிடந்த தன் கோத்திரத்தைத் திரட்டினார். தனக்கு இழைக்கப்பட்ட கொடுமை அவரை இரக்கமுள்ளவராக்கவில்லை. 1794 இல் கெர்மான் நகரம் வீழ்ந்தபோது அங்கிருந்த ஆண்களில் பெருந்தொகையினர் கொல்லப்பட்டார்கள். பலருடைய கண்கள் பிடுங்கப்பட்டன. அடுத்த ஆண்டு திப்லிஸ் நகரம் சூறையாடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1796 இல் முடி சூடிய அவரை, மறு ஆண்டே ஷூஷா நகரில் அவருடைய பணியாட்களே கொன்றுவிட்டார்கள்.

ஆட்சி அவருடைய சகோதரர் மகன் பத்ஹ் அலி ஷாவிடம் சென்றது. அவர் 1834 இல் மரணித்தபோது உயிரோடிருந்த பிள்ளைகள் மட்டும் நூறளவில் இருந்தார்கள். ஒட்டகம், பேன், இளவரசர் ஆகிய மூன்றும் இல்லாத இடமே இல்லை என்று அந்நாட்டு மக்கள் கேலி பேசும் அளவுக்கு வம்சம் பெருகியது. 1925 ஒக்டோபர் 31 இல் ஈரானியப் பாராளுமன்றம் அவ்வம்சத்தின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் குடும்பம் முடிந்துவிடவில்லை. அவ்வழியில் வந்தவர்கள் ஈரானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று வாழ்கிறார்கள்.

இவர்களுக்கும் கெர்மானில் பிடுங்கப்பட்ட கண்களுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? இதுவே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி.

ஒரு முஸ்லிமுக்கு இதற்கான முதல் விடை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஓர் ஆத்மாவின் சுமையை இன்னோர் ஆத்மா சுமப்பதில்லை என்பது அல்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் கோட்பாடு. நூஹ் நபியின் மகன் தந்தையின் சிறப்பால் காப்பாற்றப்படவில்லை. இப்ராஹீம் நபி தன் தந்தையின் சிலை வணக்கத்தால் குறைந்துபோகவுமில்லை. இரத்தம் எதையும் கடத்துவதில்லை என்பதற்குக் கஜார் வரலாற்றிலேயே துலக்கமான சான்றொன்று இருக்கிறது.

நாஸிருத்தீன் ஷாவின் முதலாவது பிரதம மந்திரி அமீர் கபீர் ஒரு சமையற்காரரின் மகன். படைக்கும் திறைசேரிக்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தவர். நவீன கல்விக்காக தாருல் புனூன் என்ற கலாபீடத்தை உருவாக்கியவர். ஷாவின் சகோதரியை மணந்திருந்தார். அரண்மனைச் சூழ்ச்சிக்கு இணங்கிய ஷா அவரைப் பதவி நீக்கி, 1852 ஜனவரியில் காஷானுக்கு அருகிலுள்ள பின் தோட்டத்துக் குளியலறையில் நரம்பு வெட்டிக் கொல்லச் செய்தார். தாருல் புனூன் திறக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. பின்னர் அமீர் கபீரின் மகள், ஷாவின் மகன் முஸப்பருத்தீனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். அவர்களுக்குப் பிறந்தவர்தான் முஹம்மத் அலி ஷா. அதாவது, கொன்றவர் தந்தை வழிப் பாட்டனார். கொல்லப்பட்டவர் தாய் வழிப் பாட்டனார். இந்தப் பேரன் யாருடைய வாரிசு? 1908 ஜூனில் கொஸாக் படையை ஏவிப் பாராளுமன்றத்தின் மீது பீரங்கித் தாக்குதல் நடத்தினார். சீர்திருத்தவாதியின் இரத்தம் அவரைத் தடுக்கவில்லை. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்னர், அரசியல் யாப்பில் கையொப்பமிட்டவர் அவருடைய சொந்தத் தந்தையே. பரம்பரையைக் கொண்டு மனிதனை அளக்க முற்படுவோர் இந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தாலே போதும்.

ஆனால், எவர் சுமையையும் எவரும் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமா? இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. பெருமை பேசும்போது நாம் பாட்டனாரை விட்டுக்கொடுப்பதில்லை. அவர் கட்டிய மாளிகை, அவர் பெற்ற விருது எல்லாம் நம்முடையவை. அவர் இழைத்த அநீதியைச் சொன்னால் மட்டும், அது அவருடைய காலம், எனக்கும் அதற்கும் என்ன என்று கேட்கிறோம். வரவை எழுதிக்கொண்டு செலவை எழுத மறுக்கும் கணக்கு நேர்மையான கணக்காகாது.

நமது வாரிசுரிமைச் சட்டம் இவ்விடத்தில் ஒரு வழியைக் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் மௌத்தானால் அவருடைய சொத்திலிருந்து அடக்கச் செலவு கழிக்கப்படும். பின்னர் கடன், அதன் பின்னர் வஸிய்யத், எஞ்சுவதே வாரிசுகளுக்கு. ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர், இவர் எவருக்கேனும் கொடுக்க வேண்டியிருந்தால் வந்து சொல்லுங்கள் என்று குடும்பத்தார் அறிவிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அதேவேளை, விட்டுச் சென்ற சொத்துக்கு மேலாகக் கடன் இருந்தால் தன் கைப்பணத்திலிருந்து கட்டும்படி வாரிசை எவரும் நிர்ப்பந்திக்க முடியாது. இதில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. தந்தையின் குற்றம் பிள்ளையின் குற்றமல்ல. ஆனால் தந்தையின் முதுசத்தை எடுப்பவன், அதன் மேலுள்ள கடனைத் தீர்த்த பின்னரே அதைத் தன்னுடையது எனலாம். காணிக்கும் பணத்துக்கும் பொருந்துவது, பெயருக்கும் மதிப்புக்கும் ஏன் பொருந்தாது?

கஜார்கள் விட்டுச் சென்ற கடன் உவமை மட்டுமல்ல. 1890 இல் நாஸிருத்தீன் ஷா நாட்டின் புகையிலை வியாபாரம் முழுவதையும் 50 ஆண்டுகளுக்கு ஓர் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். மீர்ஸா ஹஸன் ஷீராஸியின் பெயரால் வந்த பத்வாவை ஏற்று மக்கள் புகைப்பதையே நிறுத்தினார்கள். 1892 இல் ஷா ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார். நட்டஈடாக 5 இலட்சம் பவுண் கொடுக்கவேண்டி வந்தது. அதற்காக வாங்கப்பட்டதே ஈரானின் முதலாவது வெளிநாட்டுக் கடன். அவருக்குப் பின்வந்த முஸப்பருத்தீன் ஷா ருஷ்யாவிடம் கடன் வாங்கி ஐரோப்பியப் பயணங்கள் போனார். 1901 இல் டார்சி என்பவருக்கு, நாட்டின் பெரும்பகுதியில் எண்ணெய் எடுக்கும் உரிமையை 60 ஆண்டுகளுக்குக் கொடுத்தார். ரொக்கமாக 20,000 பவுணும் அதே பெறுமதிக்குப் பங்குகளும் இலாபத்தில் 16 வீதமும் கைமாறாகப் பேசப்பட்டன. இளவரசர்களுக்குப் பட்டங்கள் எஞ்சின. கடன் குடியானவனின் தலையில் விழுந்தது.

அந்தக் கடனைத் தீர்க்க முன்வந்த வாரிசுகளும் இருந்தார்கள். நாஸிருத்தீன் ஷாவின் மகள் தாஜ் அஸ்ஸல்தனா தன் நினைவுக் குறிப்புகளில் தந்தையின் அந்தப்புரத்தை உள்ளே இருந்தவளாக நின்று எழுதினார். வீண் செலவையும் பெண்கள் அறியாமையில் வைக்கப்பட்டிருந்ததையும் மறைக்கவில்லை. தந்தை மீது பாசமில்லாமல் அவர் அப்படி எழுதவில்லை. அவருக்குக் கிடைத்த முதுசம் அந்த அரண்மனையைப் பற்றிய அறிவு; அதிலிருந்தே கடனைக் கட்டினார். தாய் வழியில் கஜார் இளவரசர் அப்பாஸ் மீர்ஸாவின் வம்சத்தவரான முஹம்மத் முஸத்திக், 1951 இல் எண்ணெயைத் தேசிய உடைமையாக்கினார். 1953 ஓகஸ்டில் கவிழ்க்கப்பட்டார். முன்னோரின் பிழையைத் திருத்துகிறேன் என்று எண்ணி அவர் அதைச் செய்தார் என நான் வாதிடவில்லை. ஆனால் உறவினர் ஒருவர் எழுதிக் கொடுத்ததை இன்னோர் உறவினர் மீட்க முயன்றார் என்பது கணக்கேட்டில் இருக்கிறது.

முதுசம் எவ்வளவோ கடனும் அவ்வளவே என்பதை மறந்துவிடக்கூடாது. பத்ஹ் அலி ஷாவின் கொள்ளுப் பேரனான கவிஞர் ஈரஜ் மீர்ஸா அரசாங்க உத்தியோகம் பார்த்தே வாழ்ந்தார். மீர்ஸா என்ற சொல் தவிர வேறெதுவும் கையில் இல்லாதவனிடம் கெர்மானுக்குக் கணக்குக் கேட்பது அநீதி. 1941 இல் பிரித்தானியர் கஜார் குடும்பத்தவர் ஒருவரை மீண்டும் சிம்மாசனத்தில் அமர்த்தலாமா என்று ஆராய்ந்தார்கள். அந்த ஹமீத் மீர்ஸா இங்கிலாந்தில் வளர்ந்தவர். அவருக்குப் பாரசீக மொழி தெரியாது. யோசனை கைவிடப்பட்டது. நாட்டின் மொழி கூடத் தெரியாதவரை, பாட்டனாரின் பெயருக்காகவே அரசராக்க நினைத்தார்கள் என்பது பரம்பரை என்ற எண்ணத்தின் வெறுமையைக் காட்டுகிறது.

முன்னோர் மீது சுமத்தப்படும் பழி எல்லாமே உண்மை என்று கொள்வதும் தவறு. பஹ்லவி ஆட்சிக் காலத்தில் எழுதப்பட்ட வரலாறுகள் பல, கஜார்களைக் கையாலாகாதவர்களாகவே காட்டின. தானே நாட்டைக் கட்டியெழுப்பியதாகச் சொல்லிக்கொள்ளும் புதிய அரசுக்கு அது வசதியாக இருந்தது. 1979 இல் பஹ்லவிகள் வீழ்ந்தபோது அவர்களும் அதே தராசில் ஏற்றப்பட்டார்கள். எனவே வாரிசின் கடமை பழியை ஒப்புக்கொள்வதோடு முடிவதில்லை. உள்ளதை உள்ளபடி வெளிக்கொணர்வதே அவன் கடமை. கஜார் காலப் பெண்களின் வாழ்வைக் காட்டும் கடிதங்கள், திருமண ஒப்பந்தங்கள், புகைப்படங்களை ஹாவர்ட் பல்கலைக்கழகத்தினர் இணையத்தில் ஆவணப்படுத்தியபோது, பல குடும்பங்கள் தங்கள் பெட்டிகளைத் திறந்து கொடுத்தன. இதுவும் ஒரு வகையில் கடன் தீர்ப்பதே.

கொல்லப்பட்ட அமீர் கபீரை அவருடைய மனைவி கர்பலாவில் அடக்கம் செய்வித்தார். பாராளுமன்றத்தைத் தாக்கிய பேரன் முஹம்மத் அலி ஷாவும் அதே கர்பலாவில்தான் அடங்கியிருக்கிறார். அவர்களுடைய விசாரணை அல்லாஹ்விடம். அதில் எந்தப் பேரனும் சாட்சிக்கோ பிணைக்கோ அழைக்கப்படப் போவதில்லை. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற பெயரை இங்கே எடுத்துப் பயன்படுத்துகிறவரிடம், அதன் மேலுள்ள கடன் தீர்ந்ததா என்று கேட்கும் உரிமை மற்றவர்களுக்கு உண்டு. அரச வம்சத்துக்கு மட்டும் உரிய கேள்வியல்ல இது. பாட்டனாரின் பெயரைச் சொல்லி ஒரு சபையில் முன்வரிசையில் அமரும் எவரிடமும் இதைக் கேட்கலாம்.